லாஸ் வேகஸ் கிளம்பும் முன் எதைப் படிப்பது, எங்கே வாங்குவது, எத்தனை பக்கம் போதும்

கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வழக்கமான சுற்றுதான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் லாஸ் வேகஸ், ஹூவர் அணை, நேரம் இருந்தால் டெத் வேலி. ஹோட்டலுக்கும் காருக்கும் வேண்டிய அளவு குறிப்புகள் கிடைக்கின்றன. போகும் முன் என்ன படிக்கலாம் என்று தேடினால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பட்டியல்கள் நீளமாக இருக்கும். பாதி மாஃபியா கதைகள், மீதி நாவல்கள். எந்தப் பதிப்பை வாங்குவது, தடிப் புத்தகத்தில் நமக்குத் தேவையான அத்தியாயம் எது, நூலகத்தில் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், புத்தகத்தில் வரும் ஹோட்டல் இன்றைக்கு இருக்கிறதா என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வொன்றையும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாறு புத்தகங்கள் போதும். பெரும்பாலானவற்றை முழுதாகப் படிக்கவும் வேண்டாம். ஆனால் வரிசை முக்கியம். பணத்தைக் காப்பாற்றும் புத்தகம் முதலில், அப்புறம் ஊர், அப்புறம் தண்ணீர், கடைசியில் பாலைவனம். நேரம் போதாமல் போனாலும் முதல் புத்தகம் படித்ததே பயணச் செலவில் தெரியும்.

1. புத்தகத்துக்கு முன் வரைபடம்

எங்கெங்கே போகப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்ட்ரிப் (பெரிய கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் தெரு) மட்டுமா, டவுன்டவுனில் இருக்கும் பழைய ஃப்ரீமான்ட் தெருவும் உண்டா, அணை உண்டா, டெத் வேலி உண்டா? இதை எழுதாமல் புத்தகம் வாங்கினால் பணம் வீண், ஏனென்றால் நெவாடா மிகப் பெரிய மாநிலம்.

எல்லாப் பட்டியலிலும் மார்க் ட்வைனின் ‘ரஃபிங் இட்’ (1872) இருக்கும். அருமையான புத்தகம்தான். ஆனால் அதில் வரும் வர்ஜீனியா சிட்டியும் கார்சன் சிட்டியும் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ரீனோ பக்கம் இருக்கின்றன. லாஸ் வேகஸிலிருந்து காரில் போக ஒரு முழுப் பகல் ஆகிவிடும். எட்வர்ட் ஆபியின் ‘டெசர்ட் சாலிடேர்’ (1968) பக்கத்து மாநிலமான யூட்டாவின் ஆர்ச்சஸ் பகுதியைப் பற்றியது. சாரா வின்னமக்கா 1883-இல் எழுதிய ‘லைஃப் அமங் தி பயூட்ஸ்’, அமெரிக்கப் பழங்குடிகளான வட பயூட் மக்களின் கதை. லாஸ் வேகஸ் நிலம் தென் பயூட் மக்களுடையது. ரீனோ, டாஹோ ஏரி உங்கள் திட்டத்தில் இருந்தால் ட்வைனையும் வின்னமக்காவையும் கட்டாயம் படியுங்கள். இல்லையென்றால் அடுத்த பயணத்துக்கு எடுத்து வையுங்கள்.

2. நூலக அட்டை: எட்டு வாரத்துக்கு முன்பே

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதுதான் செலவில்லாத வழி. நூலகத்துக்குப் போகும்போது புகைப்பட அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கையில் இருக்கட்டும். இப்போதைய முகவரி போட்ட ஓட்டுநர் உரிமம் இருந்தால் அது ஒன்றே பெரும்பாலும் போதும். வீடு மாறியிருந்தால் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ எடுத்துப் போங்கள். கலிஃபோர்னியாவில் பல நூலகங்கள் மாநிலத்தில் வசிக்கும் யாருக்கும் இலவசமாக அட்டை தருகின்றன. அதனால் உங்கள் ஊர் நூலகத்தோடு நிற்காமல் பக்கத்துப் பெரிய நகரத்திலும் ஒரு அட்டை வாங்கிவிடுங்கள். மின்புத்தக வரிசை ஒரு நூலகத்தில் நீளமாக இருந்தால் இன்னொன்றில் சும்மா கிடக்கும்.

பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோரிடம் முகவரிச் சான்று இருக்காது. உங்கள் அட்டையிலேயே அவர்களுக்கும் புத்தகம் எடுத்துவிடுங்கள்.

நூலக மின்புத்தகங்களைக் கடன் வாங்க உதவும் லிபி செயலியில் முன்பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் பெயர் கொடுத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேரலாம். கடன் காலம் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம்தான். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் மற்றது திரும்பிப் போய்விடும். முறை வந்ததும் ‘பிறகு அனுப்பு’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். வரிசையில் உங்கள் இடம் போகாது.

இந்தியாவிலிருந்து வருபவர்கள், விசா முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை எந்தப் புத்தகத்துக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். பார்வையாளர் விசா விண்ணப்பக் கட்டணமே 185 டாலர். நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும் என்பதும் நம் கையில் இல்லை. அதுவரை ஏழாவது படியில் வரும் இலவசப் புத்தகத்தைப் படிக்கலாம். விசா வந்த பின் முதலில் கிண்டிலில் பாருங்கள். இறக்குமதியாகும் அச்சுப் பிரதி வர வாரக்கணக்கில் ஆகலாம். சென்னையில் இருப்பவர்கள் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் அமெரிக்கன் சென்டர் நூலகத்திலும் விசாரிக்கலாம்.

3. பணம்: கணக்குப் புத்தகம் முதலில்

மைக்கேல் ஷேக்கிள்ஃபோர்டின் ‘கேம்ப்ளிங் 102’. லாஸ் வேகஸிலேயே இருக்கும் ஹண்டிங்டன் பிரஸ் வெளியிட்டது. முதல் பதிப்பு 2005-இல் வந்தது, அதன் பிறகு திருத்திய பதிப்பும் உண்டு. திருத்திய பதிப்பையே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு விளையாட்டிலும் கேசினோவின் பங்கு எத்தனை சதவீதம், குறைவாக இழப்பது எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறது. நீங்கள் ஆடப்போகும் ஒன்றிரண்டு விளையாட்டின் பக்கங்களைப் படித்தால் போதும்.

இது ஏன் முதலில் என்று ரூலெட்டை வைத்தே பார்க்கலாம். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் அது. இரண்டு பூஜ்யம் இருக்கும் சக்கரத்தில் 38 குழிகள். கேசினோவின் பங்கு 5.26 சதவீதம். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் அது 2.70 சதவீதம். இப்போது ஸ்ட்ரிப்பில் பல இடங்களில் மூன்று பூஜ்யச் சக்கரம் வந்துவிட்டது, அதில் 7.69 சதவீதம். சுற்றுக்கு 10 டாலர், மணிக்கு 40 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் வைக்கும் மொத்தப் பணம் 400 டாலர். சராசரியாக ஒற்றைப் பூஜ்யத்தில் சுமார் 11 டாலரும், இரண்டில் 21 டாலரும், மூன்றில் 31 டாலரும் போகும். ஒரே அறையில், ஒரே மாதிரி தெரியும் மேஜைகளில் இவ்வளவு வித்தியாசம். உட்காரும் முன் பூஜ்யங்களை எண்ணுங்கள்.

பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் (அதற்கும் பெயர் பிளாக்ஜாக்தான்) எவ்வளவு தருவார்கள் என்று மேஜை விரிப்பிலேயே எழுதியிருக்கும். ‘3க்கு 2’ என்றால் 10 டாலர் வைத்து பிளாக்ஜாக் விழும்போது 15 டாலர் கிடைக்கும். ‘6க்கு 5’ என்றால் 12 டாலர்தான். கேட்க ஏதோ 6, 5 என்று பெரிய எண்ணாகத் தெரியும். உண்மையில் கேசினோவின் பங்கை அது சுமார் 1.4 சதவீதப் புள்ளி கூட்டிவிடுகிறது. குறைந்தபட்சப் பந்தயம் குறைவாக இருக்கும் மேஜைகளில்தான் இதை அதிகம் வைக்கிறார்கள். புதியவர்கள் போய் உட்காருவதும் அங்கேதான்.

எட்வர்ட் தார்ப்பின் ‘பீட் தி டீலர்’ (1962) புகழ்பெற்ற புத்தகம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி-யில் ஐபிஎம் 704 கணினியில் கணக்குப் போட்டு, சீட்டுகளை எண்ணினால் பிளாக்ஜாக்கில் முந்தலாம் என்று காட்டியவர் அவர். அறிவுக்காகப் படிக்கலாம். அதை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று கிளம்பாதீர்கள். அவர் எழுதியது ஒரே சீட்டுக்கட்டில் ஆடிய காலம். இப்போது ஆறு, எட்டுக் கட்டுகள். பல இடங்களில் நிற்காமல் கலைக்கும் இயந்திரம். மனக்கணக்காக எண்ணுவது நெவாடாவில் குற்றமல்ல, ஆனால் கேசினோ உங்களை எழுந்து போகச் சொல்லலாம். போனிலோ வேறு கருவியிலோ எண்ணினால் அது சட்டப்படி குற்றம். மேஜையில் போனைத் தொடாமல் இருப்பதே நல்லது. எப்போது சீட்டு கேட்பது, எப்போது நிற்பது என்று அச்சிட்ட சிறிய அட்டையைப் பார்த்து ஆடப் பெரும்பாலான இடங்களில் அனுமதிக்கிறார்கள். கேசினோ பரிசுக் கடைகளிலேயே விற்கும்.

பென் மெஸ்ரிக்கின் ‘பிரிங்கிங் டவுன் தி ஹவுஸ்’ பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணிய எம்.ஐ.டி மாணவர் குழுவின் கதை, விறுவிறுப்பானது. ஆனால் அதில் கற்பனையும் பலரைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரங்களும் கலந்திருப்பது பின்னால் வெளிவந்தது. கையேடாக நம்பிவிட வேண்டாம்.

4. ஸ்லாட் மெஷின்: தவிர்க்கவே கூடாத புத்தகம்

பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். நடாஷா டவ் ஷூல் என்ற மானுடவியலாளர் எழுதிய ‘அடிக்‌ஷன் பை டிசைன்’, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம், 2012. லாஸ் வேகஸில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷினைச் செய்பவர்களிடமும் அதன் முன் வாழ்க்கையைத் தொலைத்தவர்களிடமும் பேசி எழுதியது.

அதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. அடிமையானவர்கள் ஜெயிக்க ஆடுவதில்லை. ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள். நேரம், பசி, கவலை எதுவும் தெரியாத அந்த நிலையை அவர்கள் ‘மெஷின் ஸோன்’ என்கிறார்கள். நாற்காலியின் உயரம், திரையின் சாய்வு, ஒலி, நடைபாதையின் வளைவு எல்லாமே ஆளை அந்த நிலையில் வைத்திருக்கத் திட்டமிட்டுச் செய்யப்படுபவை என்று வரிசையாகக் காட்டுகிறார். நூறு கிரெடிட் வைத்து நாற்பது வந்தாலும் மெஷின் பாட்டுப் பாடி விளக்கு போடும். நஷ்டம் லாபம் போல வேஷம் கட்டி வருகிறது.

நெவாடா விதிப்படி ஸ்லாட் மெஷின் கணக்களவில் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். இது நீண்டகால சராசரிக்கான விதி. உங்கள் ஒரு மாலைப்பொழுதுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நூல் தடிமன், நடையும் ஆய்வு நடை. இயந்திரமும் அரங்கும் எப்படி வடிவமைக்கப்படுகின்றன என்று சொல்லும் முதல் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பிற்பகுதியில் ஆட்களின் கதைகள் வரும் இடங்களை மட்டும் பாருங்கள். நூலகத்தில் கிடைக்கும், வரிசையும் அவ்வளவு நீளமாக இருக்காது. படித்ததை அப்பா அம்மாவுக்கும் சொல்லுங்கள், இது ரொம்ப முக்கியம். ஹாரி ரீட் விமான நிலையத்தில் இறங்கியதுமே ஸ்லாட் மெஷின்கள் வரவேற்கும். ஒரு டாலர்தானே என்று அங்கேயே ஆரம்பிப்பவர்கள் நிறைய.

5. தெரு: எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள்

‘லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகஸ்’. ராபர்ட் வென்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர் மூவரும் எழுதிய கட்டடக்கலை நூல். யேல் மாணவர்களோடு 1968-இல் ஸ்ட்ரிப்பை ஆராய்ந்து எழுதியது. 1972-இல் வந்த முதல் பதிப்பு பெரிய அளவுப் புத்தகம், விலை அதிகம். அதன் மறுபதிப்பும் மலிவல்ல. நமக்கு வேண்டியது 1977-இல் வந்த திருத்திய சிறிய பேப்பர்பேக். இணையத்தில் இரண்டும் ஒரே பெயரில் வருவதால் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ரிப்பைப் பற்றிய முதல் பகுதி மட்டும் போதும், மற்றவை கட்டடக்கலைஞர்களுக்கு. கட்டடம் சின்னதாக இருக்க விளம்பரப் பலகை ஏன் அவ்வளவு பெரிதாக நிற்கிறது, காரில் வேகமாகப் போகிறவன் கண்ணுக்கு ஊர் எப்படி எழுதப்பட்டது என்று படித்துவிட்டால் அந்தத் தெருவில் நடப்பதே வேறு அனுபவம்.

பழைய புத்தகங்களில் பொதுவான சிக்கல், அதில் வரும் ஹோட்டல்கள் இன்று இல்லை என்பதுதான். சாண்ட்ஸ், டியூன்ஸ், ஸ்டார்டஸ்ட், ரிவியேரா எல்லாம் இடிக்கப்பட்டுவிட்டன. மிராஜ் 2024 ஜூலையில் மூடப்பட்டது. ட்ராபிகானாவை அதே ஆண்டு அக்டோபரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஸ்டார்டஸ்டின் பெயர்ப்பலகையை நியான் மியூசியத்தில் பார்க்கலாம். இருட்டிய பிறகான நேரத்துக்கான டிக்கெட் சீக்கிரம் தீரும், முன்பதிவு செய்யுங்கள்.

போக்கர் பிடிக்கும் என்றால் அல் ஆல்வரஸின் ‘தி பிக்கஸ்ட் கேம் இன் டவுன்’ (1983). சின்னப் புத்தகம், அழகான உரைநடை. 1981 உலகப் போக்கர் தொடரைப் பற்றியது. அதில் வரும் ஹார்ஸ்ஷூ கேசினோ என்பது ஃப்ரீமான்ட் தெருவில் இப்போது பினியன்ஸ் என்ற பெயரில் இருக்கும் இடம். ஸ்ட்ரிப்பில் இன்று ஹார்ஸ்ஷூ என்று பலகை மாட்டியிருப்பது 2022 வரை பாலீஸ் என்றிருந்த வேறு ஹோட்டல். பெயரை நம்பி டாக்ஸி பிடித்தால் பல மைல் தள்ளி இறங்குவீர்கள்.

மாஃபியா கதை வேண்டும் என்பவர்களுக்கு நிக்கலஸ் பிலெஜ்ஜியின் ‘கேசினோ’ (1995) ஒன்று போதும். கூடவே டவுன்டவுனில் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும் மாப் மியூசியத்தைப் பாருங்கள்.

6. தண்ணீர்: அணைக்குப் போகிறவர்களுக்கு

மார்க் ரைஸ்னரின் ‘கடிலாக் டெசர்ட்’. 1986-இல் வந்தது, 1993-இல் திருத்தப்பட்டது. ஐநூறு பக்கத்துக்கு மேல். மிரள வேண்டாம். ‘தி ரெட் குயின்’, ‘ஃபர்ஸ்ட் காஸஸ்’, ‘ஆன் அமெரிக்கன் நைல்’ முதல் பாகம், இந்த மூன்று அத்தியாயங்கள் போதும். லாஸ் ஏஞ்சலிஸ் எப்படி ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரை எடுத்துக்கொண்டது, கொலராடோ ஆற்றில் எப்படி அணை கட்டப்பட்டது என்பதெல்லாம் இவற்றில் இருக்கிறது. காவிரியைப் பற்றிப் பேசிப் பேசி வளர்ந்த நமக்கு இந்த அத்தியாயங்கள் சட்டென்று புரியும்.

புத்தகம் 1993-உடன் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வந்த வறட்சியை நீங்களே கண்ணால் பார்ப்பீர்கள். ஹூவர் அணை தேக்கி வைத்திருக்கும் மீட் ஏரியைச் சுற்றிப் பாறையில் வெள்ளைப் பட்டை ஓடும்; தண்ணீர் முன்பு நின்ற உயரம் அது. 2022 ஜூலையில், ஏரி நிரம்பிய 1930-களுக்குப் பிறகு மிகக் குறைந்த மட்டத்துக்குப் போனது. கொலராடோ ஆற்றில் நெவாடாவின் பங்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி (ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர் அடி). கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம். லாஸ் வேகஸ் ஹோட்டல் நீரூற்றுகளைத் திட்டும் முன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அணைக்கு ஸ்ட்ரிப்பிலிருந்து சுமார் முக்கால் மணி நேரம். வழியில் வரும் போல்டர் சிட்டி, அணைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர். இன்றும் அங்கே சூதாட்டத்துக்கு அனுமதி இல்லை. குழந்தைகளோடு சாப்பிட நிம்மதியான இடம்.

7. பாலைவனம்: காசில்லாமல் கிடைப்பது

மேரி ஆஸ்டினின் ‘தி லேண்ட் ஆஃப் லிட்டில் ரெயின்’ (1903). காப்புரிமை முடிந்துவிட்டதால் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். லிப்ரிவாக்ஸில் ஒலிப்புத்தகமும் இலவசம். இதற்குப் பணம் கேட்கும் மறுபதிப்புகள் இணையக் கடைகளில் ஏராளம், வாங்க வேண்டாம்.

பதினான்கு சிறு கட்டுரைகள். மொஹாவி பாலைவனம், டெத் வேலி ஓரம், ஓவன்ஸ் பள்ளத்தாக்கு என்று நீங்கள் காரில் கடக்கப் போகும் நிலம்தான். முதல் கட்டுரை, நீர்த்தடங்களைப் பற்றிய இரண்டாவது கட்டுரை, கூடை முடையும் சேயாவி என்ற பயூட் பெண்ணைப் பற்றிய கட்டுரை, இந்த மூன்றையும் மெதுவாகப் படியுங்கள். ஒன்றுமே இல்லாத வெற்று நிலம் என்று நினைத்துத் தாண்டிப் போகும் இடத்தில் எத்தனை உயிர் தண்ணீரின் வழி தெரிந்து நடமாடுகிறது என்று அவர் காட்டுவது போல வேறு யாரும் காட்டி நான் படித்ததில்லை.

ஒலிக்கோப்புகளை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். டெத் வேலியில் பல மைல் தூரத்துக்கு சிக்னல் கிடையாது. கோடையில் அங்கே போகவே வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. நவம்பரிலிருந்து மார்ச் வரை போகலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீராவது வண்டியில் இருக்க வேண்டும்.

8. செலவும் நேரமும்

எல்லாவற்றையும் நூலகத்தில் எடுத்தால் செலவு இல்லை. வாங்குவதென்றால் ‘கேம்ப்ளிங் 102’-ஐ மட்டும் வாங்குங்கள், கையில் வைத்துப் புரட்ட வேண்டிய புத்தகம். பழைய பிரதி அஞ்சல் செலவோடு பெரும்பாலும் பத்துப் பதினைந்து டாலருக்குள் வரும். பழைய புத்தக விற்பனையாளர்கள் மீடியா மெயிலில் அனுப்புவார்கள். மலிவு, ஆனால் மெதுவாக வரும். மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

எட்டு வாரம் இருக்கும்போது அட்டையும் முன்பதிவும். ஆறு வாரத்தில் ஷூல். நான்கு வாரத்தில் ரைஸ்னரின் மூன்று அத்தியாயம், ‘லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகஸ்’-இன் ஸ்ட்ரிப் பகுதி. கடைசி வாரம் ரூலெட், பிளாக்ஜாக் பக்கங்களை இன்னொரு முறை. ஆஸ்டினைக் காரில் கேட்கலாம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நாலு மணி நேரப் பாதை, வெள்ளி மாலையும் ஞாயிறு மதியமும் இன்னும் நீளும்.

9. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

நெவாடாவில் சூதாட 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளமையாகத் தெரிபவர்களிடம் அடையாளம் கேட்பார்கள். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டின் அசலையே வைத்திருங்கள். நகலை ஏற்காமல் போகலாம். ஸ்லாட்டில் பெரிய தொகை விழுந்தால் மெஷின் நின்றுவிடும், ஊழியர் வந்து வரிப் படிவம் நிரப்புவார். அமெரிக்க வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருப்பவருக்கு 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அப்பாவின் மெஷினில் விழுந்த பணத்தை மகன் தன் பெயரில் வாங்கக் கூடாது. யார் ஆடினாரோ அவர் அடையாளம்தான் செல்லும்.

நெவாடா பாலைவனத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளைப் பற்றிப் படிக்க விருப்பமிருந்தால் ரெபெக்கா சோல்னிட்டின் ‘சாவேஜ் ட்ரீம்ஸ்’ (1994) எடுங்கள். முன்னாள் நெவாடா சோதனைத் தளத்துக்கு இலவச அரசுச் சுற்றுலா உண்டு. இடங்கள் திறந்தவுடன் நிரம்பிவிடும், போன், கேமரா அனுமதி இல்லை. வெளிநாட்டுக் குடிமக்களிடம் கூடுதல் விவரங்களை முன்கூட்டியே கேட்பார்கள். அதனால் பெற்றோரையும் அழைத்துப் போக நினைத்தால் நூலக அட்டைக்கும் முன்பாக இந்தப் பதிவைப் பாருங்கள். இடம் கிடைக்காவிட்டால் லாஸ் வேகஸ் நகருக்குள்ளேயே அணுச் சோதனை அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு டிக்கெட் மட்டும் வாங்கினால் போதும்.